ஆரியசாலையில் அணையாத மஞ்சள் விளக்கு

சிலருக்கு வெளிநாடு என்றால் சிங்கப்பூர், மலேசியா. எனக்கு திருவனந்தபுரம். பாஷை புரிகிற மாதிரியே இருக்கும், புரியாது. சோற்றுப் பருக்கையைத் தனித்தனியாக எண்ணிச் சாப்பிடலாம், அவ்வளவு பருமன். குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பாக, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். இத்தனைக்கும் அது என் மாமனார் ஊர். கல்யாணமான நாளிலிருந்து போய்வந்துகொண்டிருக்கிறேன். எப்போதும் மாப்பிள்ளையாகப் போவேன். இந்த முறை பறிமுதல் அதிகாரியாகப் போனேன்.

விஷயம் இதுதான். மாமனார் சங்கரலிங்கம் ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் ஓய்ந்தபோது, துபாயில் இருக்கும் மகன் குமார் ஒரு கார் வாங்கிக் கொடுத்தான். சாதாரண மாடலே போதும் என்றவரிடம், ஏபிஎஸ் உள்ளதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவசரத்துக்குப் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற சாமான் அது. அதற்கென்று ஓட்டுகிறவர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, உடனே அணைந்துவிட வேண்டும். மாமனார் காரில் அது மாசக்கணக்காக அணையவே இல்லை என்று ஆரியசாலைக்காரர் ஒருவர் துபாயில் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டார். குமார் தன் அக்காவுக்குப் போன் செய்தான். அக்கா என்பது என் மனைவி கோமதி. அவள் என்னைப் பார்த்தாள்.

“நீங்க போங்க. விளக்கைச் சரி பண்ண முடிஞ்சா வண்டி அப்பாகிட்டயே இருக்கட்டும். முடியலைன்னா திருச்சிக்கு ஓட்டிட்டு வந்துடுங்க. அப்பாகிட்ட இப்பவே சொல்லித் தொலைச்சிடாதீங்க.”

நான் மின்சார வாரியத்தில் வேலை பார்ப்பவன். எங்கள் ஆபீசுக்கு விளக்கு எரியவில்லை என்றுதான் புகார் வரும். விளக்கு அணையவில்லை என்று ஒரு புகாரை விசாரிக்கக் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷன் வாசலில் மழையும் மாமனாரும் சேர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, விரலில் சுழலும் கார்ச் சாவி. எழுபதைத் தாண்டியவர் ஓட்டப்போகிறாரே என்று சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். அநியாயமான பயம். சாலைக் கடைத்தெருவின் தள்ளுவண்டிகளுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நடுவில், ஒருவர் வேட்டி நுனியைக்கூட உரசாமல் மனிதர் வண்டியை நகர்த்திக்கொண்டு போனார். திருச்சியில் அவர் வயதுக்காரர்கள் ரோட்டைக் கடக்கவே ஆள் தேடுவார்கள். மஞ்சள் விளக்கு மட்டும் அவர் மூக்குக்கு நேராகப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

ஆரியசாலைக்குள் நுழைந்ததும் கடைக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“அண்ணாச்சி, விளக்கு அணைஞ்சுதா?”

“எரிஞ்சுக்கிட்டே இருக்கு!” என்றார் மாமனார், குரலில் ஏதோ மகன் பாஸான செய்தி சொல்கிற தெம்போடு.

அடுத்த கடையில் பெருங்காய மண்டி நமசிவாயம். அவரும் அதையே கேட்டார். அதே பதில். நமசிவாயம் உச்சுக் கொட்டிவிட்டு, “ஞாயித்துக்கிழமை பாறசாலைக்குப் பொண்ணு பாக்கப் போகணும், அதுக்குள்ள சரியாயிருமா?” என்று விசாரித்தார். மாமனார் வானத்தைக் காட்டினார். அது மழையைக் காட்டியதா, கடவுளைக் காட்டியதா என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தார், கூடவே இஞ்சித் துவையல். திருநெல்வேலியை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகியும் மாப்பிள்ளை வந்தால் சொதி வைக்கிற வழக்கத்தை மட்டும் அந்த வீடு விடவில்லை. தின்றுவிட்டுப் படுத்தேன். வேலையைப் பற்றிய யோசனை மறுநாள் காலைவரை என் பக்கமே வரவில்லை.

மறுநாள் புட்டும் கடலையும் உள்ளே போனதும் மாமனாரைக் கிளப்பினேன். கரமனைப் பக்கம் ஒரு பலா மரத்தடியில் சசி என்பவரின் ஒர்க்‌ஷாப். சசி சுற்றிவந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், எழுந்து என்னைப் பார்த்தார். “ஃபியூஸ் பார்த்தாச்சா?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“அதெல்லாம் நேத்தே பாத்தாச்சு. நீ சக்கரத்தைப் பாரு,” என்றார் மாமனார்.

பழைய வாடிக்கையாளர், பெரியவர், அவர் சொன்னால் சரி. சசி சக்கரத்தைக் கழற்றினார். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் அதன் வேகத்தைக் கவனிக்க ஒரு சென்சார் இருக்கிறதாம். அதில் சேறு அப்பினால் விளக்கு எரியுமாம். நான்கையும் துடைத்தார். எரிந்தது. சென்சார் கம்பிகளை நெடுக உருவிப் பார்த்தார். எரிந்தது. பிரேக் எண்ணெயின் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது, விளக்கும் எரிந்தது.

இதற்குள் ஒரு கூட்டம். திருச்சியில் ஒரு வண்டி நின்றுபோனால் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே கமிட்டி போட்டுவிட்டார்கள். பேட்டரி பழசு என்றது ஒரு தரப்பு. பேட்டரியைக் குறை சொல்வது கம்பெனிக்காரனுக்குச் சாதகம் என்றது எதிர்த்தரப்பு. குடையை அக்குளில் இடுக்கிய ஒரு பள்ளிக்கூட மாஸ்டர், “மழை பெய்யாத தேசத்துக்காகக் கண்டுபிடித்த சாமானை இங்கே கொண்டுவந்து மாட்டினால் அது அழத்தானே செய்யும்?” என்றார். எல்லாரும் கொஞ்ச நேரம் அதை யோசித்தார்கள். யாரும் அந்த விளக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். சசி எஞ்சின் பக்கம் தலையை நீட்டும்போதெல்லாம் மாமனார் டீ வாங்கிவிடுவார். டீயோடு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வரும். பழம்பொரி கையில் இருக்கும்போது எண்ணெய்க் கறுப்பு அப்பிய எஞ்சினைத் தொட முடியாது. சாயங்காலம் திரும்பும்போது எனக்கு வயிறு உப்பியிருந்தது, விளக்கு எரிந்தது, மாமனார் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். எனக்கோ திருச்சிவரை அந்த வண்டியைத் தனியாக ஓட்டிப்போக வேண்டுமே என்ற கிலி பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் நான் பிடிவாதமாக பைபாஸில் இருந்த பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னேன். அங்கே ஷீபா என்று ஒரு இன்ஜினியர் பெண். கையடக்கமான ஒரு பெட்டியை வயரோடு கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினாள்.

“ஏபிஎஸ் யூனிட் பதிலே சொல்லவில்லை. கரண்ட் போகவில்லை போலிருக்கிறது. ஃபியூஸ்?”

“பாத்தாச்சு,” என்றார் மாமனார்.

“யார் பார்த்தது?”

“நான்தான்.”

“அப்படியானால் நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், அங்கிள்.”

மாமனார் அவசரமாக வாசல் பக்கம் திரும்பி டீக்கடை தேடினார். அது ஏசி போட்ட கண்ணாடிக் கட்டடம். டீக்கடை கிடையாது.

ஷீபா பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். வரிசையாகக் கலர் கலராக ஃபியூஸ்கள். ஒரே ஒரு இடம் மட்டும், பல் விழுந்த மாதிரி, காலி.

“எரிந்துபோன ஃபியூஸ் அங்கேயேதான் இருக்கும். இதை யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள்.”

“எலி,” என்றார் மாமனார்.

ஷீபா அவரை நிமிர்ந்து பார்த்தாள். புதிய ஃபியூஸைப் பொருத்தினாள். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது, அணைந்தது. நான் கைதட்டவே செய்துவிட்டேன். கொஞ்சம் நீளமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், திரும்ப எரியாவிட்டால் வேலை முடிந்தது என்றாள். நான் மனசுக்குள் சசியைத் திட்டிக்கொண்டேன். பழம்பொரி தின்கிற அவசரத்தில் அவர்தான் ஃபியூஸைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஆனால் அவர் கை வைப்பதற்கு முன்பும் விளக்கு எரிந்ததே என்பது எனக்கு உறைக்கவில்லை. மின்சார வாரியத்தில் இருபது வருஷம்!

நீளமான ரோடு என்றால் கல்லாறு என்றார் மாமனார். நெடுமங்காடு, விதுரை வழியாகப் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து ஏறியது. விளக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாமனார் மட்டும் பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி உம்மென்று வந்தார். அசதி என்று நினைத்தேன்.

கல்லாற்றங்கரையில் டீயும் ரசவடையும். ரசத்தில் ஊறிய வடையை ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடுகிற சுகம் திருச்சியில் கிடைக்காது. நான் இரண்டாவது வடையில் மூழ்கியிருந்தபோது மாமனார், “கண்ணாடியை வண்டியில வச்சுட்டேன், எடுத்துட்டு வாரேன்,” என்று போனார். வந்தார். கிளம்பினோம். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவில்லை.

“பாத்தேளா மாப்ளே! அந்தப் பொண்ணு வெறுதே காசு வாங்கிட்டா!” முகத்தில் பழைய தெம்பு திரும்பிவிட்டது.

விதுரைப் பக்கம் இறங்கத் தொடங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது, ரோடெல்லாம் உதிர்ந்த இலை. ஒரு வளைவில், முன்னால் போன ஜீப் சட்டென்று நின்றது. போனக்காடு தோட்டத்துக்குப் போகிற பெண் ஒருத்தி கை காட்டியிருந்தாள். மாமனார் பிரேக்கை மிதித்தார். சரியான நேரத்தில்தான் மிதித்தார். ஆனால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, வண்டி அவர் பேச்சைக் கேட்காமல் ஈர இலையில் வழுக்கிக்கொண்டு நேரே போனது. ஜீப்பை ஒரு சாண் இடைவெளியில் விலகி, ரோட்டோரப் பலாப்பழக் கடைக்கு முன்னால் மண்குவியலில் முட்டி நின்றது. எனக்குக் கோமதி முகம் கண்ணில் வந்து போனது.

கடைக்காரப் பெண் கையில் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தாள். “முழுப் பழமா, சுளையா?” என்று கேட்டாள்.

நான் இறங்கி நேரே பானெட்டைத் திறந்து அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். அதே இடம் காலி. திரும்பினேன். மாமனார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாமா, எலி எங்கே?” என்று கத்தினேன். மாமனாரிடம் அதுவரை குரலை உயர்த்தியதே கிடையாது. “நாம ரெண்டு பேரும் இப்ப செத்திருப்போம்! எங்கே அந்த ஃபியூஸ்?”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து நீட்டினார். அதில் இரண்டு ஃபியூஸ்கள் இருந்தன. ஒன்று ஷீபா போட்டது. இன்னொன்று மாசக்கணக்காக அங்கேயே குடியிருப்பது.

பலாப்பழக் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் சொன்னார். “கார் வந்த நாள்முதல் அது என் கார் கிடையாது மாப்ளே, தெருக் கார். பொண்ணழைப்புன்னா வண்டி. ஆஸ்பத்திரின்னா வண்டி. துபாய்க்காரன் எவன் வந்து இறங்கினாலும் விடியக்காலத்துல விமானத்தாவளத்துக்கு வண்டி, டிரைவரா நான். ஒரு தடவை ஃபியூஸ் தானா எரிஞ்சுபோயி விளக்கு வந்துது. பிரேக்கு போச்சுன்னு தெருவெல்லாம் பேச்சு. அந்த வாரம் பூரா ஒரு ஈ காக்கா வண்டி கேட்டு வரலை. சசி ஃபியூஸை மாத்துனான், விளக்கு போச்சு, மறுநாள் காலையிலயே நமசிவாயம் வந்து நிக்கான். அன்னைக்குக் கழட்டுனேன்.”

“தர முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் கடையில் ‘இல்லை’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே மாட்டார்கள். சீரகம் தீர்ந்துபோனால் ‘சீரகம் வந்துக்கிட்டிருக்கு’. சாக்கு காலியானால் ‘நிறைஞ்சிருக்கு’. இல்லை என்று வாயால் சொன்னால் கடையில் உண்மையிலேயே எல்லாம் இல்லாமல் போய்விடும் என்று நம்பிக்கை. பன்னிரண்டு வயசில் கல்லாவில் ஏறியவர், வாழ்நாள் முழுக்க அந்த வார்த்தையை நாக்கில் ஏற்றாமல் ஓட்டிவிட்டார். மூன்று நாளாக அவர் பேசியதை நினைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அது வரவில்லை. அவருக்குப் பதிலாக அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது மஞ்சள் விளக்குதான்.

இனி மறைத்துப் பயனில்லை என்று நான் வந்த வேலையைச் சொன்னேன். விளக்கு எரிந்தால் வண்டி என்னோடு திருச்சிக்கு வர வேண்டும். அணைந்தால் இங்கேயே இருக்கலாம்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “வண்டியை எடுத்துட்டா நான் காலம்பற எந்திரிச்சு எங்க மாப்ளே போவேன்? கடையும் தம்பிக்கிட்ட கொடுத்தாச்சு,” என்றார். எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

“அப்ப ஃபியூஸைப் போடணும், அந்த வார்த்தையையும் சொல்லணும். இங்கேயே பழகுவோம். நான்தான் நமசிவாயம். அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை வண்டி வேணும்!”

மாமனார் தொண்டையைச் செருமினார். “இ…” என்றார். “இ… எத்தனை மணிக்கு?”

“மாமா!”

“இன்னொரு தடவை கேளுங்க. இ… இ… இருக்கு, எடுத்துக்கிடுங்க.”

கடைக்காரப் பெண் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளும் வண்டி கேட்டுப் பார்த்தாள். அவளுக்கும் தந்துவிட்டார். ஒரு முழுப் பலாப்பழம் தீரும்வரை முயன்றோம். வார்த்தை வரவே இல்லை. ஃபியூஸை நானே என் கையால் பொருத்தி, இன்னொன்றை என் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை, விளக்கு அணைந்த சேதி எப்படித்தான் போனதோ, நமசிவாயம் வாசலில் வந்து நின்றார். “அண்ணாச்சி, அப்ப ஞாயித்துக்கிழமை வண்டி…”

மாமனார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். நெற்றியில் வேர்வை திருநீற்றைக் கரைத்தது. அத்தை உள்ளேயிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

“இல்லை,” என்றார் மாமனார்.

தெருவில் ஒரு தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்டது. நமசிவாயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “விளக்கு திருப்பியும் எரியுதா?”

“அணைஞ்சாச்சு. வண்டி நல்லாருக்கு. தர்றதா இல்லை.”

நமசிவாயம் மெதுவாக அத்தை பக்கம் திரும்பினார். “அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்ன?” என்று தணிந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் ஆரியசாலையே நலம் விசாரிக்க வந்துவிட்டது. ஆரஞ்சு, ஆப்பிள், ஹார்லிக்ஸ். பிரஷர் கூடியிருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு டாக்டர் பெயரைச் சொன்னார்கள். வந்தவர்களில் இரண்டு பேர் போகிற போக்கில் வண்டியும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை இன்னும் கொஞ்சம் சுலபமாக வந்தது. சாப்பிடும்போது அத்தை இன்னொரு கரண்டி சாதம் போட வந்தார். “இல்லை!” என்றார், தேவையே இல்லாமல், உரக்க.

கோமதிக்குப் போன் செய்து, ஃபியூஸ் போயிருந்தது, இப்போது போட்டாயிற்று என்றேன். எங்கே போயிருந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து குமார். விளக்கு அணைந்தாலும் வண்டியை அத்தானோடு அனுப்பிவிடுங்கள், இந்த வயசில் எதுக்கு என்றான் போலிருக்கிறது. மாமனார் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இல்லைடே. தரமாட்டேன்.” வைத்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

சாயங்காலம் ரயில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கார் துடைத்து மினுமினுவென்று நின்றது. மாமனார் புது வேட்டியில் சாவியோடு பக்கத்தில் நின்றார்.

“மாமா, அப்படியே ஸ்டேஷன்ல விட்டுருங்க.”

“இல்லை மாப்ளே,” என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நமசிவாயம் கடையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்கான். ஊருக்கெல்லாம் இல்லைன்னு சொன்ன அன்னைக்கே மாப்பிள்ளையை ஏத்திட்டுப் போனா, நாளைக்கு என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? ஆட்டோ வரச் சொல்லியிருக்கேன்.”

ஆட்டோவும் வந்துவிட்டது. மழையும். பிளாஸ்டிக் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் பெட்டியும், அதன்மேல் நலம் விசாரிக்க வந்த ஆரஞ்சுப் பழங்களுமாக நான் நனைந்துகொண்டே போனேன். கிழக்கே கோட்டை சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்தில் சத்தமில்லாமல், ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல், அழகாக ஒரு கார் வந்து நின்றது. மாமனார் ஓட்டிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் அத்தை, நல்ல பட்டுச் சேலையில், தலை நிறையப் பிச்சிப்பூவோடு. சங்குமுகம் கடற்கரைக்குப் போகிற பக்கம் இண்டிகேட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

படுதாவை விலக்கி, “அத்தை!” என்று கூப்பிட்டேன். அத்தை திரும்பினார். என்னைப் பார்த்தார். என் பெட்டியைப் பார்த்தார். தன் பக்கத்துக் கண்ணாடியை மளமளவென்று மேலே ஏற்றிவிட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டார்.